கேம் பாய் எமுலேட்டரை எல்லா இயங்குதளங்களிலும் ஓடும்படி எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு விளையாட்டுக் கருவியைப் போலவே செயல்பட்டு, அதன் விளையாட்டுகளை வேறொரு கணினியில் ஓடச்செய்யும் நிரல்தான் எமுலேட்டர். 1997இல் வெளிவந்த இசட்ஸ்னெஸ் என்னும் சூப்பர் நின்டெண்டோ எமுலேட்டர், அன்றைய எளிய கணினிகளிலும் வேகமாக ஓடியதற்காகப் பெயர்பெற்றது. அதன் பெரும்பகுதி எக்ஸ்86 செயலிகளுக்கே உரிய அசெம்பிளி மொழியில் கையால் எழுதப்பட்டிருந்ததே அந்த வேகத்துக்குக் காரணம்; அதே காரணத்தால்தான் அது 32 பிட் எக்ஸ்86 செயலிகளை விட்டு வெளியே வர இயலாமல், 2007இல் வந்த 1.51ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதே கன்சோலுக்காக சி++ மொழியில் வளர்ந்த ஸ்னெஸ்9எக்ஸ் இன்றும் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

எமுலேட்டர் எழுதக் கற்றுத்தருவது இந்த வழிகாட்டியின் நோக்கமன்று. சி மொழியில் ஓர் எமுலேட்டரை எழுதத் தொடங்கியிருப்பவர், அல்லது தன் மடிக்கணினியில் மட்டும் ஓடும் ஒன்றை வைத்திருப்பவர், அதைக் கைபேசிக்கும் உலாவிக்கும் ராஸ்பெரி பைக்கும் பழைய கன்சோல்களுக்கும் கொண்டுசெல்ல என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு பேசப்படுகிறது. எடுத்துக்காட்டாக நின்டெண்டோவின் கேம் பாயை எடுத்துக்கொள்கிறேன். 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவியில் நொடிக்கு 41,94,304 முறை துடிக்கும் ஒரு 8 பிட் ஷார்ப் செயலி, 8 கிலோபைட் வேலை நினைவகம், 8 கிலோபைட் பட நினைவகம், 160க்கு 144 புள்ளிகளும் நான்கு சாயல்களும் கொண்ட திரை, நான்கு ஒலித்தடங்கள் ஆகியவை உள்ளன. ஒருவர் தனியாக எழுதி முடிக்கக்கூடிய அளவில் சிறியது; ஆனால் இயங்குதளம் மாறும்போது வரக்கூடிய சிக்கல்களில் ஏறத்தாழ எல்லாமே இதில் எட்டிப் பார்த்துவிடும்.

படி 1: கோருக்கும் முகப்புக்கும் நடுவே கோடு போடுதல்

எமுலேட்டரின் மூலநிரலை இரண்டு கோப்புறைகளாகப் பிரிப்பதுதான் முதல் வேலை. கன்சோலின் செயலி, படச்சில்லு, ஒலிச்சில்லு, கேட்ரிட்ஜ் ஆகியவற்றைப் போலவே செயல்படும் பகுதியை இத்துறையில் கோர் என்பார்கள். திரையைத் திறப்பது, ஒலிபெருக்கிக்கு அனுப்புவது, பொத்தானைப் படிப்பது, கோப்பைத் திறப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் பகுதியை இங்கே முகப்பு என்று அழைப்போம். கோர் தான் எந்தக் கருவியில் ஓடுகிறது என்பதை அறியவே கூடாது. அதில் கோப்பைத் திறக்கும் வரி இருக்கக்கூடாது. கடிகார நேரம் கேட்கும் வரி இருக்கக்கூடாது. திரையில் எழுத்து அச்சிடும் வரிகூட இருக்கக்கூடாது. "விண்டோஸ் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி" என்று பிரியும் நிபந்தனைக் கட்டளை ஒன்று கோருக்குள் நுழைந்துவிட்டால், கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கேம் பாய் கோருக்கு வெளியுலகத்தோடு இருக்க வேண்டிய தொடர்பு மிகச் சிறியது. விளையாட்டின் பைட்டுகளைக் கொடுத்து ஒரு கருவியை உருவாக்குதல், எட்டுப் பொத்தான்களின் நிலையை ஒரே பைட்டாகக் கொடுத்தல், ஒரு ஃபிரேம் ஓட்டுதல், படத்தையும் ஒலியையும் வாங்கிக்கொள்ளுதல், நிலையைச் சேமித்து மீட்டல், கருவியை அழித்தல் ஆகிய ஆறேழு செயற்கூறுகளில் (ஃபங்ஷன்களில்) எல்லாம் அடங்கிவிடும். பல எமுலேட்டர் கோர்களை ஒரே முகப்பில் ஓட்டும் நிரலான ரெட்ரோஆர்ச் பயன்படுத்தும் லிப்ரெட்ரோ இடைமுகமும் ஏறக்குறைய இதே வடிவில்தான் அமைந்திருக்கிறது என்பதால், இந்தக் கோட்டைச் சரியாகப் போட்டவருக்கு லிப்ரெட்ரோ கோர் உருவாக்குவது ஒரு மாலைப்பொழுது வேலை.

விளையாட்டைக் கோப்பின் பாதையாகக் கொடுக்காமல் பைட்டுகளாகக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலாவியில் பயனரின் வட்டுக்குப் பாதை என்ற ஒன்றே கிடையாது. ஆண்ட்ராய்டு 11 முதல், பயனர் தேர்ந்தெடுக்கும் கோப்பு பொதுவாகப் பாதையாக வராமல் ஓர் அடையாள முகவரியாகவே நிரலுக்கு வந்துசேர்கிறது. ரெட்ரோஆர்ச் ஜிப் கோப்பை விரித்து நினைவகத்திலேயே கொடுத்துவிடும். பாதையை எதிர்பார்க்கும் கோர் இம்மூன்று இடங்களிலும் தற்காலிகக் கோப்பு எழுதித் தப்பிக்கப் பார்க்கும். பைட்டுகளை எதிர்பார்க்கும் கோருக்கு வேறுபாடே தெரியாது.

உலகளாவிய மாறிகளையும் இந்தக் கட்டத்திலேயே அகற்றிவிடுங்கள். செயலியின் பதிவகங்கள் முதல் கடைசி எண்ணி வரை எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் பாயின்டரை ஒவ்வொரு செயற்கூறுக்கும் முதல் அளவுருவாக அனுப்ப வேண்டும். எழுதும்போது எரிச்சலாக இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு கேம் பாய்களை லிங்க் கேபிளால் இணைத்து ஒரே நிரலில் ஓட்ட வேண்டிய நாள் வரும்போது, உலகளாவிய மாறிகள் கொண்ட கோரைப் பிரித்தெடுப்பது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

படி 2: மொழியின் கண்ணிகளை அகற்றுதல்

இயங்குதளம் மாறும்போது திரையும் ஒலியும்தான் தொல்லை தரும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அவை தொல்லைதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தொல்லை. கண்ணுக்குத் தெரியாதவை, சி மொழி தொகுப்பியின் (கம்பைலரின்) விருப்பத்துக்கு விட்டுவைத்திருக்கும் இடங்களில் ஒளிந்திருக்கின்றன.

என் முதல் கேம் பாய் எமுலேட்டர் மடிக்கணினியில் பிசகில்லாமல் ஓடியது. அதே மூலநிரலை ராஸ்பெரி பையில் தொகுத்தபோது எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. திரை மட்டும் வெள்ளையாக நின்றது. இரண்டு இரவுகள் படப்பகுதியைக் குடைந்துகொண்டிருந்தேன். பிழை இருந்த இடம் வேறு. கேம் பாய் விளையாட்டுகளில் அடிக்கடி தென்படும் ஆறு பைட்டுகள், பதினறும (ஹெக்ஸ்) எண்களில், இவை: எஃப்0, 44, எஃப்ஈ, 90, 20, எஃப்ஏ. திரை இப்போது எந்த வரியை வரைகிறது என்பதைப் படி, அது 144ஆ என்று ஒப்பிடு, இல்லையென்றால் ஆறு பைட் பின்னே போ என்பதே இதன் பொருள். கடைசி பைட்டான எஃப்ஏ குறியுடைய எண்ணாக -6. குறியற்ற எண்ணாக 250. நான் அதை வெறும் "சார்" வகை மாறியில் வாங்கியிருந்தேன். எக்ஸ்86 தொகுப்பிகளில் சார் குறியுடையது. ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. ஆகவே மடிக்கணினியில் ஆறு பைட் பின்னே சென்ற செயலி, ராஸ்பெரி பையில் 250 பைட் முன்னே பாய்ந்து, வேறெதோ நிரலின் நடுவில் போய் விழுந்திருக்கிறது. ஆப்பிள் தன் ஆர்ம் செயலிகளில் சாரைக் குறியுடையதாகவே வைத்திருப்பதால், புதிய மேக் ஒன்றில் சோதித்துப் பார்ப்பவருக்கும் இந்தப் பிழை புலப்படாது. தீர்வு எளிது: கோருக்குள் அகலமும் குறியும் பெயரிலேயே தெரியும் நிலையான வகைகளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். "லாங்" வகையும் விலக்க வேண்டியதே; 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், 64 பிட் விண்டோஸில் 32 பிட்.

அடுத்தது பைட் வரிசை. கேம் பாயின் பி, சி ஆகிய இரண்டு 8 பிட் பதிவகங்களைச் சேர்த்து 16 பிட்டாகவும் கையாளலாம் என்பதால், யூனியன் ஒன்றை அமைத்து இரண்டு வழியிலும் அணுகுவது புதியவர்களின் வழக்கம். அந்தச் சோடியில் பதினறும 1234 என்ற மதிப்பை ஏற்றினால் பியில் 12உம் சியில் 34உம் இருக்க வேண்டும். சிறு முனை, அதாவது எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட், முதலில் வரும் எக்ஸ்86, ஆர்ம் கருவிகளில் அப்படித்தான் இருக்கும். பெரு முனை முதலில் வரும் பவர்பிசி கொண்ட கேம்கியூப், வீ, பிளேஸ்டேஷன் 3 ஆகியவற்றில் இரண்டும் இடம் மாறிவிடும். எட்டுப் பதிவகங்களையும் தனித்தனி பைட்டுகளாக வைத்து, 16 பிட் தேவைப்படும் இடத்தில் பிட்டுகளை நகர்த்தும் (ஷிப்ட்) கணக்கும் "ஆர்" (OR) கணக்கும் கொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வேகம் போய்விடும் என்ற அச்சம் வேண்டாம். இன்றைய தொகுப்பிகள் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு நல்ல குறிமுறையாக மாற்றிவிடுகின்றன.

நினைவகத்திலிருந்து 16 பிட் எண்ணைப் படிக்கும்போதும் பைட் பாயின்டரை அகலமான பாயின்டராக மாற்றிப் படிக்காமல், இரண்டு பைட்டாகப் படித்துச் சேருங்கள். ஒற்றைப்படை முகவரியில் அப்படிப் படித்தால் எக்ஸ்86 பொறுத்துக்கொள்ளும். பழைய ஆர்ம் செயலிகள் சில தவறான மதிப்பைத் தரும் அல்லது நிரலை நிறுத்திவிடும். 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்துவது, குறியுடைய எண் வழிந்தோடுவது ஆகியவையும் இதே வகைப் பிழைகள்தாம்.

படி 3: நேரத்தைத் துடிப்புகளால் எண்ணுதல்

கோருக்குத் தெரிந்த ஒரே நேரம் கேம் பாயின் துடிப்பு எண்ணிக்கையாக இருக்க வேண்டும். ஒரு வரிக்கு 456 துடிப்புகள், 154 வரிகள் என்று ஒரு ஃபிரேமுக்கு 70,224 துடிப்புகள் ஆகின்றன. அந்தக் கணக்கில் நொடிக்கு 59.73 ஃபிரேம்கள் வரும். "ஒரு ஃபிரேம் ஓட்டு" என்ற செயற்கூறு இத்தனை துடிப்புகள் ஓடி முடித்ததும் திரும்பிவிட வேண்டும். அதற்குள் காத்திருப்போ உறக்கமோ இருக்கலாகாது.

"படம் முடியும்வரை ஓடு" என்று அதை எழுதும் தவறு பரவலாக உண்டு. விளையாட்டு தன் படங்களை மாற்றும்போது திரையையே அணைத்துவிடும். திரை அணைந்திருக்கும்வரை படம் முடியும் நிகழ்வு வராது. விரைவில் மறுபடி ஏற்றிவிடும் விளையாட்டில் இது தெரியாது. பொத்தான் அழுத்தும்வரை திரையை அணைத்தே வைத்திருக்கும் நிரலில், செயற்கூறு திரும்பவே திரும்பாது. மேசைக் கணினியில் சாளரம் உறையும். உலாவியில் அந்தத் தாவல் முழுவதும் செத்துப்போகும். துடிப்பை எண்ணி நிறுத்தினால் இந்தச் சிக்கல் எழவே எழாது.

படி 4: படத்தைச் சாயல் எண்களாகக் கொடுத்தல்

கோர் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 3 வரையிலான ஓர் எண்ணை மட்டும் எழுதட்டும். 160 பெருக்கல் 144, ஆக 23,040 பைட்டுகள். அவற்றை நிறமாக மாற்றுவது முகப்பின் பொறுப்பு. உலாவியின் கான்வாஸ் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதிறன் என்ற பைட் வரிசையைக் கேட்கும். லிப்ரெட்ரோ 32 பிட் எண்ணாகவோ 16 பிட்டில் 5-6-5 பிரிப்பாகவோ கேட்கும். சிறிய எல்சிடி திரை பொருத்திய நுண்கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் 5-6-5 வடிவத்தைத்தான் விரும்பும். கோரே நிறத்தை முடிவுசெய்தால் சிவப்பும் நீலமும் எங்காவது ஒரு கருவியில் இடம் மாறித்தான் தீரும். கேம் பாய் கலருக்கு 15 பிட் நிறத்தை அப்படியே கொடுங்கள். இந்த ஏற்பாட்டின் இன்னொரு பயன் படி 8இல் தெரியவரும்.

படி 5: ஒலியும் திரையும் ஒத்துப்போகாத இடம்

எமுலேட்டரைக் கொண்டுபோகும் ஒவ்வொரு கருவியிலும் அதிக நேரத்தைத் தின்பது இதுதான் என்பதால், கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். வெளியீடு நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கேம் பாய் ஃபிரேம் 803.65 மாதிரிகளை உண்டாக்கும். உங்கள் திரை நொடிக்குச் சரியாக 60 முறை புதுப்பிக்கிறது, ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஒரு ஃபிரேம் ஓட்டுகிறீர்கள் என்றால், நொடிக்கு 48,219 மாதிரிகள் உருவாகும். ஒலியட்டையோ 48,000ஐ மட்டுமே உட்கொள்ளும். மிஞ்சும் 219 மாதிரிகள் இடையகத்தில் (பஃபரில்) சேர்ந்துகொண்டே போகும். இடையகம் 4,096 மாதிரிகள் கொண்டதென்றால், ஏறத்தாழ 19 நொடிகளுக்கு ஒருமுறை அது நிரம்பி "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஒலியட்டையின் வேகத்துக்கே எமுலேட்டரை ஓட்டினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் நான்கு நொடிக்கு ஒருமுறை அளவில் ஒரே படம் இரண்டு புதுப்பிப்புகளுக்கு நின்று, பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு தடுமாற்றம் கண்ணில் படும்.

இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் வழியை ரெட்ரோஆர்ச் பரவலாக்கியது. இடையகம் பாதி நிறைந்திருப்பதே இலக்கு. அதற்கு மேல் நிறைந்தால் ஒலியின் மறுமாதிரி விகிதத்தை, அதாவது கோர் தரும் ஒலியை எத்தனை மாதிரிகளாக மாற்றி அனுப்புகிறோம் என்பதை, இம்மியளவு குறைப்பது, கீழே போனால் இம்மியளவு கூட்டுவது. இந்தத் திருத்தம் அரை விழுக்காட்டைத் தாண்டாதபடி வைத்துக்கொண்டால் சுருதி மாறுவது காதுக்கு எட்டாது. அடிப்படை விகிதத்தைத் திரையின் உண்மையான புதுப்பிப்பு வேகத்துக்கு ஏற்ப முதலிலேயே அமைத்துவிட்டு, எஞ்சிய சிறு பிசகுகளை மட்டும் இந்தத் திருத்தத்துக்கு விடுவது நல்லது. இந்த வேலை முழுவதும் முகப்பில்தான் நடக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

புதுப்பிப்பு வேகம் 60 என்று எங்கும் எழுதிவைக்காதீர்கள். 144 ஹெர்ட்ஸ் திரையில் புதுப்பிப்புக்கு ஒரு ஃபிரேம் ஓட்டினால் விளையாட்டு இரண்டரை மடங்கு வேகத்தில் பறக்கும். உலாவிக்காக எழுதப்பட்ட எமுலேட்டர்களில் இந்தப் பிழையை அடிக்கடி காணலாம். அங்கே கடந்துபோன நேரத்தைச் சேர்த்து வைத்து, ஒரு ஃபிரேமுக்குரிய நேரம் சேர்ந்ததும் மட்டும் கோரை ஓட்ட வேண்டும். அதேபோல் 48,000 என்பதையும் நம்பிவிட வேண்டாம். 44,100இல் ஓடும் கருவிகளும் உண்டு. கருவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: பொத்தான்கள்

இங்கே சொல்ல அதிகமில்லை. நான்கு திசைகள், ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் ஆகிய எட்டையும் ஒரு பைட்டில் அடக்கி, ஃபிரேம் தொடங்கும்போது கோருக்குக் கொடுங்கள். விசைப்பலகையில் எழுத்தின் பெயரைக் கொண்டு பொருத்தாமல் விசையின் இடத்தைக் கொண்டு பொருத்தினால், பிரெஞ்சு விசைப்பலகை வைத்திருப்பவரின் விரல்களும் சரியான இடத்தில் இருக்கும். திரை, ஒலி, பொத்தான் வேலைகளைப் பல இயங்குதளங்களிலும் ஒரே விதமாகச் செய்துதரும் எஸ்டிஎல் நூலகம் இரண்டையும் தனித்தனியே தருகிறது.

படி 7: கோப்புகளும் சேமிப்பும்

விண்டோஸில் கோப்பைப் பைனரி முறையில் திறக்க மறந்தவர் அனுபவிக்கும் பிழை சுவையானது. உரை முறையில் படிக்கும்போது 1ஏ என்ற பைட்டைக் கோப்பின் முடிவாக விண்டோஸ் எடுத்துக்கொள்ளும்; பழைய கன்ட்ரோல்-இசட் வழக்கத்தின் எச்சம் அது. கேம் பாய் செயலியில் 1ஏ என்பது டிஈ காட்டும் முகவரியிலிருந்து ஒரு பைட்டை எடுக்கும் கட்டளை. தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் சுழற்சிகளில் அது தொடர்ந்து வரும். அதனால் விளையாட்டு முதல் நகலெடுப்புச் சுழற்சியோடு அறுந்து நிற்கும். லினக்ஸில் எழுதுபவருக்கு இரண்டு முறைக்கும் வேறுபாடே இல்லாததால், இந்தப் பிழை பயனர் சொல்லித்தான் தெரியவரும்.

கோப்புப் பெயர்களைப் பொறுத்தவரை, தமிழில் பெயரிடும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சி மொழியின் வழக்கமான திறப்புச் செயற்கூறு விண்டோஸில் கணினியின் பழைய குறிமுறைப் பக்கத்தைக் கொண்டு பெயரைப் புரிந்துகொள்ளும். தமிழுக்கு அத்தகைய பக்கமே விண்டோஸில் கிடையாது; தமிழ் நேரடியாக யூனிகோடாகவே அங்கு வந்து சேர்ந்தது. ஆகவே "பந்தயம்" என்று பெயரிட்ட கோப்பு கேள்விக்குறிகளாக மாறித் திறக்க மறுக்கும். நிரலுக்குள் எல்லாப் பெயர்களையும் யுடிஎஃப்-8இல் வைத்துக்கொண்டு, விண்டோஸ் முகப்பில் மட்டும் அகல எழுத்துகளாக மாற்றித் திறக்க வேண்டும். எஸ்டிஎல் தரும் கோப்புச் செயற்கூறுகள் இதைத் தாமே செய்துவிடும்.

சேவ் ஸ்டேட், அதாவது கருவியின் அந்த நொடி நிலை முழுவதையும் கொண்ட கோப்பு, எழுதும்போது ஸ்ட்ரக்டை அப்படியே கோப்பில் கொட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். கொட்டினால் என்ன ஆகும்? 64 பிட் எண்ணை 32 பிட் எக்ஸ்86 லினக்ஸ் நான்கு பைட் எல்லையில் வைக்கும். ஆர்ம் எட்டு பைட் எல்லையில் வைக்கும். அதனால் பின்வரும் எல்லாமே இடம் நகர்ந்துவிடும். ஸ்ட்ரக்டுக்குள் பாயின்டர் ஒன்று இருந்துவிட்டால், அதே கணினியில் மறுமுறை திறந்தாலே நிரல் விழும். ஒவ்வொரு புலத்தையும் நிலையான அகலத்தில், சிறு முனை வரிசையில், பைட் பைட்டாக எழுதுங்கள். தொடக்கத்தில் பதிப்பு எண்ணை வையுங்கள். கைபேசியில் தொடங்கிய ஆட்டத்தை மேசைக் கணினியில் தொடரலாம் என்ற வசதி இதனால் உழைப்பின்றிக் கிடைக்கும்.

இதை அலட்சியம் செய்ததன் தடயம் கேம் பாய் உலகில் இன்றும் இருக்கிறது. கடிகாரம் உள்ள எம்பிசி3 கேட்ரிட்ஜ்களுக்கான சேமிப்புக் கோப்பின் முடிவில் கடிகார விவரம் ஒட்டப்படும். அது சில கோப்புகளில் 44 பைட், சிலவற்றில் 48 பைட். முதல் 40 பைட்டுகள் இரண்டிலும் ஒன்றே. கடைசியில் வரும் நேர முத்திரை ஒன்றில் 32 பிட்டாகவும் மற்றொன்றில் 64 பிட்டாகவும் எழுதப்பட்டதே வேறுபாடு. எழுதும்போது நீங்கள் 48ஐ எழுதுங்கள். படிக்கும்போது இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 8: கருவி கையில் இல்லாமலே சோதித்தல்

திரையில்லாத ஒரு முகப்பை எழுதுங்கள். விளையாட்டைப் படித்து, முன்கூட்டி எழுதிவைத்த பொத்தான் வரிசையைக் கொடுத்து, 3,600 ஃபிரேம்கள் ஓட்டி, அறுபது ஃபிரேமுக்கு ஒருமுறை பட இடையகத்தின் சிஆர்சி32 மதிப்பை, அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை, அச்சிடுவது மட்டுமே அதன் வேலை. படி 4இல் படத்தைச் சாயல் எண்களாகவே வைத்திருப்பதால், இந்த மதிப்புகள் எல்லாக் கருவிகளிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துவர வேண்டும். ஒத்துவராத முதல் ஃபிரேமைக் கண்டுபிடித்துவிட்டால் பிழையின் பாதி பிடிபட்டுவிட்டது. கோருக்குள் தசமப் புள்ளி எண்களை (ஃப்ளோட்) தவிர்த்து முழு எண்களையே பயன்படுத்தினால் ஒலிக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

இத்துடன் பிளார்க் என்ற புனைபெயரில் அறியப்படுபவர் எழுதிய செயலிக் கட்டளைச் சோதனைகளையும் ஓட்டுங்கள். அவை முடிவைத் திரையில் காட்டுவதோடு கேம் பாயின் தொடர் துறை (சீரியல் போர்ட்) வழியாகவும் எழுத்து எழுத்தாக அனுப்பும் என்பதால், திரையில்லாத முகப்பே அவற்றைப் படித்துக்கொள்ளும். நேர நுணுக்கங்களுக்கு மூன்ஐ சோதனைத் தொகுப்பும் படப்பகுதிக்கு டிஎம்ஜி-ஆசிட்2உம் இருக்கின்றன.

பெரு முனை வரிசைக் கருவிக்காக வீ ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஐபிஎம்மின் எஸ்390எக்ஸ் பெருங்கணினிக்கான குறுக்குத் தொகுப்பி கிடைக்கும். அதில் தொகுத்ததை, வேறு செயலிகளுக்கான நிரல்களை ஓட்டும் கியூஎமுவின் பயனர் முறையில் உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். அந்தக் கருவியில் பைட் வரிசை தலைகீழ் என்பதோடு சார் வகையும் குறியற்றது. படி 2இல் சொன்ன இரண்டு கண்ணிகளும் ஒரே ஓட்டத்தில் சிக்கிவிடும். அதற்கும் நேரமில்லாதவர் ஜிசிசியில் சார் வகையைக் குறியற்றதாக வைக்கும் விருப்பத்தையாவது போட்டு ஒருமுறை தொகுத்துப் பார்க்கலாம். என் இரண்டு இரவுகள் அதனால் மிஞ்சியிருக்கும். வரையறுக்கப்படாத நடத்தையைக் காட்டிக்கொடுக்கும் சானிடைசர்களையும் முகவரிப் பிழைகளுக்கான சானிடைசரையும் இயக்கிவைத்துக்கொண்டே இந்தச் சோதனைகளை நடத்துவது நன்று.

படி 9: முகப்புகளை எழுதும் வரிசை

முதலில் எஸ்டிஎல் முகப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெரி பை நான்கும் அதில் அடங்கும். இரண்டாவதாக உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அதற்கான பயனர்கள் அதிகம் என்பதற்காக அன்று. அது கெடுபிடியான இடம் என்பதற்காக. எம்ஸ்கிரிப்டன் என்ற தொகுப்பி வழியாக, உலாவிகள் ஓட்டும் வெப்அசெம்பிளி வடிவத்துக்குத் தொகுத்தால், முடிவில்லாத முதன்மைச் சுழற்சி அங்கே செல்லாது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் உலாவி உங்களை அழைத்து, நீங்கள் உடனே திரும்ப வேண்டும். பயனர் ஒருமுறை சொடுக்கும்வரை ஒலி தொடங்காது. சேமிப்பு எழுதப்பட்டது என்று நினைத்த பின்பும், அது உலாவியின் தரவுத்தளத்துக்கு ஒத்திசைக்கப்படாவிட்டால் பக்கத்தை மூடியதும் மறைந்துபோகும். கோடு தவறாகப் போடப்பட்ட இடங்களை எல்லாம் உலாவி உடனே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அடுத்து லிப்ரெட்ரோ. அது கிடைத்துவிட்டால், ரெட்ரோஆர்ச் ஓடும் பழைய கன்சோல்கள் பலவற்றுக்கும் நீங்கள் தனி முகப்பு எழுத வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் பயனர் வேறு ஆப்புக்குப் போன நொடியில் உங்கள் நிரல் முன்னறிவிப்பின்றிக் கொல்லப்படலாம் என்பதால், பின்னணிக்குத் தள்ளப்படும் அறிவிப்பு வந்தவுடனேயே சேவ் ஸ்டேட் எழுதிவிட வேண்டும்.

கட்டளைகளை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் ஜேஐடி முறை கேம் பாய்க்குத் தேவையே இல்லை. பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், கேம்கியூப் போன்ற கருவிகளுக்கு எழுதுபவர்கள் அதைத் தவிர்க்க முடியாது. அவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஐஓஎஸில் ஆப் ஸ்டோர் ஆப்களுக்கு ஜேஐடி அனுமதி இல்லை. உலாவியில் நினைவகத்தில் எழுதியதை நிரலாக ஓட்ட வழியில்லை. ஆப்பிள் செயலி கொண்ட மேக்கில் ஒரே பக்கத்தில் எழுதவும் ஓட்டவும் ஒருசேர முடியாது, பக்கத்தின் அளவும் 4 கிலோபைட் அன்று, 16 கிலோபைட். ஆகவே தூய சி மொழியில் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் செய்யும் ஓர் இன்டர்பிரெட்டரை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

படி 10: வெளியிடுதல்

கேம் பாய் இயங்கத் தொடங்கும்போது ஓடும் 256 பைட் பூட் ரோம் நின்டெண்டோவின் உரிமைக்குட்பட்டது. அதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம். அது ஓடி முடித்தபின் பதிவகங்களில் எஞ்சும் மதிப்புகளை நீங்களே நிரப்பிவிட்டு, நிரல் எண்ணியைப் பதினறும 100இல் வைத்துத் தொடங்கினால் விளையாட்டுகள் அவ்வாறே ஓடும். சேம்பாய் எமுலேட்டர் தனக்கென்று திறமூலப் பூட் ரோம்களை எழுதிவைத்திருப்பதையும் பார்க்கலாம். வணிக விளையாட்டு எதையும் மாதிரிக்காகக்கூட உள்ளே வைக்காதீர்கள். பலரும் இலவசமாக வெளியிட்டிருக்கும் சொந்த ஆக்கங்களில் ஒன்றை, அவர்களின் உரிம விதிகளின்படி சேர்த்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரலில் ஆப்பிள் தன் விதிகளை மாற்றிய பிறகு, பழைய கன்சோல்களுக்கான எமுலேட்டர்கள் ஆப் ஸ்டோரிலும் இடம்பெறுகின்றன.

மூலநிரலோடு, அதைத் தொகுக்கும் விதத்தைச் சொல்லும் சிமேக் கோப்பையும், படி 8இல் உருவாக்கிய சிஆர்சி மதிப்புகளின் பட்டியலையும், அதற்குப் பயன்பட்ட பொத்தான் வரிசையையும் ஒரே கோப்புறையில் வைத்து வெளியிடுங்கள். நீங்கள் பார்த்தே இராத ஒரு கையடக்கக் கருவியை வைத்திருப்பவர் அதைத் தொகுத்து, திரையில்லாத முகப்பை ஓட்டி, தன் பட்டியலையும் உங்கள் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக்கொள்வார். ஏதோ ஓட மாட்டேன் என்கிறது என்பதற்குப் பதிலாக, 1,260ஆம் ஃபிரேமில் மதிப்பு மாறுகிறது என்று அவரிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வரும்.